எகிறாத ஆளைத் தூக்க முடியாது

தம்பிகளே, தங்கச்சிகளே, பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒட்ட நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். நாலு வரியில் அடங்குகிற உடம்பும் எனக்கு இல்லை, வாயும் இல்லை. அதனால் முழுக் கதையையும் எழுதிவிட்டேன். சுவர் போதாவிட்டால் கூரையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உரக்கடைக்கு மேல் மாடியில் இருப்பது ஒரே ஒரு மேட், விழுந்தால் அடிபடாத மெத்தை விரிப்பு. திங்கள், புதன், வெள்ளி கலப்புச் சண்டைக்காரர்களுக்கு. குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து, நிஜமாகவே ஜெயித்து நிஜமாகவே தோற்கிறவர்கள். செவ்வாய், வியாழன், சனி ஷோ குஸ்திக்காரர்களுக்கு. யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு, ஜனங்களுக்காகச் சண்டை போடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோஷ்டியும் வந்து, மேட் யாருக்கு என்று வாயால் போடுகிற சண்டைதான் மற்ற ஆறு நாள் சண்டையையும்விட உக்கிரமானது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் நம் உத்திரமேரூர். ஒரு மேட்டுக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

போன வாரம் படியேறி வரும்போதே காதில் விழுந்தது. ஒருத்தன் சொல்கிறான்: "உங்களுது டூப்பு." இன்னொருத்தன் சொல்கிறான்: "உங்களுது இன்னாவாம்? ரெண்டு பேரு கட்டிப் புடிச்சிக்கினு தூங்கறீங்க." இரண்டும் முழுப் பொய் இல்லை. நான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவன். டூப்பு என்று சொன்ன சண்டையில் வாங்கிய அடிதான் அதிகம் வலித்தது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.

வீட்டுக்கு வீடு கேபிள் வந்த காலம். வெளிநாட்டு குஸ்தியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் எல்லாம் தலையணையை அடித்துக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோஷ்டியில் ஐந்து பேர். நெல் மூட்டையை அடுக்கி, மேலே பலகை போட்டு, வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் விரித்தால் மேடை. நாலு சவுக்குக் கம்பு, கிணற்றுக் கயிறு. நான் வில்லன். பேர் முகமூடி மலைப்பாம்பு. எடை நூற்றுப் பத்து கிலோ. பாம்பு என்று பேர் வைத்திருந்தாலும் நெளிய வராது, உருள மட்டும் வரும்.

கதாநாயகன் இடி ஏழுமலை. தோளைப் பார்த்தால் வண்டிமாடு தோற்கும். தொழில் தையல். உத்திரமேரூர் கடைத்தெருவில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தான். அந்தத் தோள் அவன் அப்பா கொடுத்தது, அவனாகச் சம்பாதித்தது இல்லை. பெடல் மிதித்து மிதித்துக் காலில்தான் கொஞ்சம் பலம். எங்கள் எல்லாருக்கும் உடுப்பு தைத்தவனும் அவனே. என் முகமூடியில் மூக்குக்கு ஓட்டை வைக்க மறந்துவிட்டு, முதல் ஆட்டத்தில் என்னை நிஜமாகவே மயக்கம் போட்டு விழவைத்த பெருமையும் அவனையே சேரும்.

அவனுடைய பேர்போன பிடி 'இடி'. என்னை அப்படியே தலைக்கு மேல் தூக்கி, நாலு திசைக்கும் காட்டி, கீழே போடுவான். ஜனம் ஆவென்று வாய் பிளக்கும். அதன் ரகசியம் இவ்வளவுதான்: அவன் என் மணிக்கட்டை இரண்டு தடவை அமுக்குவான். நான் எகிறுவேன். எகிறும்போதே அவன் தோளில் கையை ஊன்றி என் எடையில் பாதியை நானே மேலே ஏற்றிவிடுவேன். மிச்சத்தை அவன் சாயாமல் தாங்கினால் போதும். எட்டு வருஷம் ஏழுமலை மலைப்பாம்பைத் தூக்கினான் என்று ஊர் சொல்கிறது. எட்டு வருஷம் யார் எகிறினார் என்பது என் முட்டிக்குத் தெரியும்.

ஜனங்கள் இதை எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதற்கு தாமலில் நடந்ததைச் சொல்கிறேன். ஏரிக்கரை மைதானம். நான் ஏழுமலையின் கண்ணில் மண்ணைத் தூவினேன். தூவினது மண் இல்லை, கேழ்வரகு மாவு. குடையோடு வந்திருந்த ஒரு பெரியவருக்குப் பொறுக்கவில்லை. கயிற்றுக்குள் நுழைந்து, "இன்னாடா, பச்ச புள்ள கண்ண அவிக்கிறியா?" என்று குடையால் என் முதுகில் போட்டார் பாருங்கள், கம்பி வளைந்துவிட்டது. ஏழுமலை மாவைத் துடைத்துக்கொண்டு அவரைத் தடுக்கிறான், அவர் அவனைத் தள்ளிவிட்டு என்னை அடிக்கிறார். ஆட்டம் முடிந்ததும் குடையை நான் நிமிர்த்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இன்னொரு அடி வைத்துவிட்டுப் போனார். நம்பிக்கை வைத்த ஜனத்தோடு விளையாடுவது சாதாரணக் காரியம் இல்லை என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்களைச் சேர்த்துவைத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். கொத்தனார் வேலை. அவர் சொன்னதில் முக்கால்வாசி தப்பு. ஆட்டத்துக்கு முன் பச்சை வெங்காயம் தின்றால் எதிராளி பயப்படுவான் என்பார். எதிராளி வாந்திதான் எடுத்தான். ஆனால் ஒன்று சொன்னார்: "மேடையில இன்னா பொய் வேணா சொல்லு. மேடைக்குப் பின்னால சொன்னியோ, எவனாச்சும் ஒருத்தன் கை காலு போயிடும்." வெங்காயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டவன் இதை மறந்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மாகறல் திருவிழாவில் நாங்கள் ஆடியபோது கன்னியம்மா என்ற பெண்மணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அறுப்பு ஆட்களைக் கூட்டிப்போய் வேலை வாங்குகிறவர். தன்னைவிடப் பெரிய நெற்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் ஓடுவார். அவர் குரலுக்கு அந்த வட்டாரத்தில் மாடுகூட நின்று கேட்கும். அன்றைக்கு ஏழுமலை என்னைத் தூக்கிப் போட்டதை இமைக்காமல் பார்த்தார். அடுத்த வாரம் ஏழுமலைக்கு ஆள் அனுப்பினார்: என் பெண் செல்வியைத் தருகிறேன், மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

கல்யாணம் நடந்தது. ஏழுமலைக்கு ராஜயோகம். தினம் காலையில் நாஷ்டாவோடு நாலு அவித்த முட்டை. மாமியார் வீட்டில் மூட்டை தூக்க வேண்டி வந்தால், "ஆட்டத்துக்கு முன்னால வெயிட் தூக்கக் கூடாது அத்தே" என்று நழுவிவிடுவான். ஆட்டம் மூன்று வாரம் தள்ளி இருக்கும். நாலு மாசம் இப்படி ஓட்டினான். எந்த நாளில் குட்டு உடையுமோ என்று உள்ளுக்குள் நடுக்கம் மட்டும் இருந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் அழாத குறையாகச் சொல்லுவான்: "ண்ணா, பலசாலின்னு நம்பி பொண்ணு குடுத்துட்டாங்க. தெரிஞ்சா செல்வி மூஞ்ச எப்டி ண்ணா பாப்பேன்?"

இதற்குள் என் முட்டி போய்விட்டது. மேடையில் இல்லை, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. முகமூடியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டு நடுவர் ஆனேன். ஷோ குஸ்தியில் நடுவர் என்றால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு எதையும் பார்க்காதவன். நான் "விடு" என்றால் பத்து செகண்டு கழித்துத்தான் விடுவார்கள். அதுதான் அழகு.

அந்தச் சமயத்தில் திருப்புலிவனத்துப் பையன் சரவணன் ஊர் திரும்பினான். மெட்ராஸில் படிக்கப் போனவன் மூன்று வாத்தியார்களிடம் சண்டை கற்றுக்கொண்டு வந்துவிட்டான். எழுபது கிலோ. பார்த்தால் பேங்குக்குச் சலான் எழுத வந்தவன் மாதிரி இருப்பான். பொய் சொன்னால் காய்ச்சல் வந்துவிடும் ரகம். அந்த ஊர்ப் பொங்கல் விழாக் குழு இளைஞர்களுக்கு ஒரே குஷி. காணும் பொங்கலன்று ஏழுமலைக்கும் சரவணனுக்கும் போட்டி என்று பேனர் வைத்துவிட்டார்கள்: 'நிஜமா? நாடகமா? நேருக்கு நேர்!' எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேனரைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

ஏழுமலைக்குப் பேதி கண்டுவிட்டது. "நான் பேசி முடிக்கிறேன்டா, என்னை மீறி ஒண்ணும் நடக்காது" என்று மார்தட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சரவணனைப் பிடித்தேன்.

"தம்பி, ஆட்டம் ஒரு பத்து நிமிஷமாச்சும் ஓடணும். ஜனம் டிராக்டர் கட்டிக்கினு வருது."

"ஓடட்டும் ண்ணா."

"அவன் ரெண்டு வாட்டி மணிக்கட்ட அமுக்குவான். நீ எகிறிடணும்."

"இன்னாத்துக்கு?"

"தூக்கறதுக்கு."

"முடிஞ்சா தூக்கட்டும் ண்ணா. நான் எதுக்கு எகிறணும்?"

இந்தக் கேள்வியை எட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டு அவனே சொன்னான்: "குத்த மாட்டேன், ஒதைக்க மாட்டேன். புடி மட்டும்தான். வலிச்சா கையால ரெண்டு தட்டு தட்டச் சொல்லுங்க, அந்த செகண்டே வுட்டுடறேன். ஆனா தோத்துக் குடுக்க மாட்டேன், எகிறவும் மாட்டேன். இத அப்டியே அவருகிட்ட சொல்லிடுங்க ண்ணா."

நேராகத் தையல் கடைக்குப் போனேன். ஏழுமலை கழுத்தில் அளவு டேப்போடு நிமிர்ந்தான். "இன்னா ண்ணா சொன்னான்?"

நான் சொன்னேன்: "பேசியாச்சுடா."

தம்பிகளே, என் பணிக்காலத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு இந்த ஒரு வார்த்தைதான். ஏன் சொன்னேன்? மார்தட்டிவிட்டு வந்த மானம் ஒரு பக்கம். அவன் முகத்தில் இருந்த பயம் ஒரு பக்கம். இவை எல்லாவற்றுக்கும் மேல், நான் மனப்பூர்வமாக நம்பினேன்: ரெண்டாயிரம் பேர் முன்னால் நிற்கிற எவனும் மணிக்கட்டை அமுக்கினால் எகிறாமல் இருக்க மாட்டான். எகிறாமல் இருக்க முடியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. நம் தொழில் நம் கண்ணை அப்படிக் கட்டிவிடும்.

காணும் பொங்கல், பிற்பகல் மூன்று மணி. ஏரியை ஒட்டின மைதானம். ஆளுக்கொரு கரும்பு கையில். கன்னியம்மா இரண்டு டிராக்டர் நிறைய அறுப்புப் பெண்களோடு வந்து, டிரெய்லர் மேல் நின்றுகொண்டார். பக்கத்தில் செல்வி.

ஏழுமலை, புடவை ஜரிகையில் அவனே தைத்த தங்கப் போர்வையோடு நாலு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு வந்தான். விசில் பறந்தது. சரவணன் கறுப்பு டிராயரோடு வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு மூலையில் நின்றான். "யார்ரா இவன், தண்ணி குடுக்க வந்தவனா?" என்று ஒரு குரல். நான் மணியடித்தேன்.

ஏழுமலை நேராகப் போய் சரவணனின் தொடையில் ஒரு கையும் மணிக்கட்டில் ஒரு கையும் வைத்தான். முதலிலேயே இடியைக் காட்டி மாமியார் மனசைக் குளிரவைக்கலாம் என்று கணக்கு. மணிக்கட்டை இரண்டு தடவை அமுக்கினான். தூக்கினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி முக்கினான். முகம் செவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தங்கப் போர்வை அவிழ்ந்து விழுந்தது. எழுபது கிலோ சரவணன் நட்ட கல் மாதிரி நிற்கிறான். நூற்றுப் பத்து கிலோவை எட்டு வருஷம் தலைக்கு மேல் சுற்றினவன் எழுபது கிலோவைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை எடுக்க முடியாமல் தவிக்கிறான்.

"எகிறு பா" என்று கிசுகிசுத்தான்.

"மாட்டேன் ண்ணா."

ஏழுமலை என் பக்கம் திரும்பினான். "இன்னாண்ணா இது, பேசியாச்சுன்னியே?"

அந்த நேரத்தில் பொறுப்புள்ள ஒரு நடுவர் என்ன செய்வாரோ அதைத்தான் நானும் செய்தேன். கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்: "இன்னாடா, காலுக்கடியில சிமிட்டி போட்டுட்டானா?" சிரிப்பு கிளம்பியது. ஏழுமலை பதறிப்போய் மணிக்கட்டை மூன்றாம் தடவை பலங்கொண்ட மட்டும் அமுக்கினான். சரவணனுக்கு இரண்டு அமுக்குதான் தெரியும், இந்த மூன்றாவது தெரியாது. கையை முறுக்க வருகிறான் என்று நினைத்தான். ஒரு திரும்பு திரும்பினான். என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஏழுமலை மல்லாந்து கிடக்கிறான், அவன் வலது கை சரவணனின் இரண்டு கால்களுக்கு நடுவில் நீட்டிக்கொண்டு இருக்கிறது, முழங்கை போகக்கூடாத திசையில் போய்க்கொண்டிருக்கிறது.

ஏழுமலை முகத்தைக் கோணினான், கண்ணைப் பிதுக்கினான், வாயை ஆவென்று திறந்தான். ஜனம் கைதட்டியது. அது அவன் வழக்கமாகச் செய்கிற வலி முகம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதுதான் என் வினை. குனிந்து பார்க்கிறேன், எனக்கு நிஜமா நடிப்பா என்று தெரியவில்லை. எட்டு வருஷம் ஒரே முகத்தைப் பார்த்தவனுக்கு, அந்த முகத்துக்குப் பின்னால் நிஜ வலி வந்து உட்கார்ந்தால் எப்படித் தெரியும்? வலித்தால் தட்ட வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் சொல்லவில்லையே. நிறுத்தினால் ஆட்டம் போச்சு, நிறுத்தாவிட்டால் கை போச்சு. தையல்காரன் கை.

"டேய், நெஜமாவா?" என்று கேட்டேன். உலகத்திலேயே ஒரு நடுவர் கேட்டிருக்கக்கூடிய மிக முட்டாள்தனமான கேள்வி அதுதான்.

அவன் சொன்னான்: "அண்ணா."

மேடையில் அவன் என்னை ஒரு நாளும் அண்ணா என்று கூப்பிட்டதில்லை. வில்லனாக இருந்தபோது "டேய் பாம்பு". நடுவரான பிறகு "யோவ் குருட்டு ரெப்ரி". அதுதான் எழுதாத சட்டம். அந்த 'அண்ணா'வைக் கேட்டதும் சரவணன் தோளைத் தொட்டு "விடு" என்றேன். அந்த வார்த்தையை நான் முடிக்கும் முன்பே அவன் விட்டுவிட்டான். பத்து செகண்டு அழகுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் வேர்த்திருந்தது. எப்போது தட்டுவான், எப்போது விடலாம் என்று அவன்தான் அதிகம் தவித்திருக்கிறான்.

ஆரம்பித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பெண் குரல்: "அவ்ளோதானா?" அதற்கப்புறம் கரும்புத் துண்டு வர ஆரம்பித்தது. முதலில் சப்பிப் போட்டது, பிறகு சப்பாதது. ஒரு கட்சி, ஏழுமலையின் கையை உடைத்துவிட்டான், சரவணனை அடி என்றது. இன்னொரு கட்சி, எல்லாமே டூப்பு, ரெண்டு பேரையும் அடி என்றது. ரெப்ரியை அடிக்க வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது. நாலைந்து பேர் சவுக்குக் கம்பைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருத்தனுக்குப் பயப்படாத சரவணன் ரெண்டாயிரம் பேரைப் பார்த்து விறைத்துப்போய் நின்றான். "ஜெயிச்சா கை தட்டுவாங்கன்னு நெனச்சேன் ண்ணா" என்றான். பாவமாக இருந்தது. அவன் என்ன செய்தான் என்பது அவனுக்கும் எனக்கும் ஏழுமலையின் முழங்கைக்கும் தவிர ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. கலப்புச் சண்டைப் பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். டிராக்டர் கட்டிக்கொண்டு வந்தவனுக்குக் கண்ணில் ஒன்றும் படாவிட்டால், கையில் இருக்கும் கரும்பு பேசும்.

அப்போதுதான் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. கரும்பு மழைக்கு நடுவில் இரண்டு பேரையும் இழுத்துவைத்து உண்மையைக் கக்கினேன்: "ஏழுமலை, அவன் எகிற மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டான். வலிச்சா தட்டுன்னும் சொன்னான். நான்தான் உங்கிட்ட மறைச்சுட்டேன். தப்பு என்னுதுடா."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நல்லா இருந்த இடது கையால் விட்டான் ஒரு அறை. ஷோ அறை இல்லை. காதில் கோயில் மணி அடித்தது.

ஜனம் "ஆஆஆ" என்று ஆர்ப்பரித்தது. கரும்பு நின்றது. கம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் கம்பை விட்டுவிட்டுக் கைதட்டினான்.

தொழில் தெரிந்தவனுக்கு ஜனத்தின் மூச்சு முதுகில் தெரியும். ஏழுமலை உடனே என் காதருகே குனிந்தான். "சாரி ண்ணா. ஜனம் கேக்குது, இன்னொண்ணு குடுக்கட்டா?" நான் பதில் சொல்லும் முன்பே கொடுத்துவிட்டான். பிறகு சரவணனிடம் திரும்பினான்: "தம்பி, ஜெயிச்சது நீதான். அத எவனும் மாத்த முடியாது. ரெப்ரி உன் கைய தூக்கி மைக்ல சொல்லட்டும். அதுக்கப்பறம் எனக்கோசரம் ஒரே ஒரு எகிறு. தோக்கச் சொல்லல பா. எகிறினா போதும்."

சரவணன் யோசித்தான். பொய் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் தலையாட்டினான். நான் மைக்கை வாங்கி, போட்டியில் ஜெயித்தது சரவணன், நிஜமாகவே ஜெயித்தான், சந்தேகம் இருந்தால் மேலே வந்து கையைக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். ஒருத்தரும் வரவில்லை. இனி இரண்டு பேரும் சேர்ந்து உங்களுக்கு இடியைக் காட்டுவார்கள் என்றேன். மைதானம் அதிர்ந்தது.

ஏழுமலை அமுக்கினான். சரவணன் எகிறினான்.

எகிறினான் என்றால், அப்படி ஒரு எகிறு! பயிற்சி எடுத்த உடம்பு. எவ்வளவு எகிற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏழுமலையின் தலையைத் தாண்டி ஒரு முழம் மேலே போய்விட்டான். மேலே போனவனைப் பிடிக்க ஏழுமலை பின்னால் சாய்ந்தான், இரண்டு பேரும் பலகை மேல் விழுந்தார்கள், பலகை படாரென்று முறிந்தது, ஆட்கள் வைக்கோலோடு உள்ளே மறைந்துவிட்டார்கள். மூட்டை கிழிந்து நெல் கொட்டியது. ஜனத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்த நாலு வருஷம் எந்த ஊரில் ஆடினாலும், மேடையை உடைப்பீங்கதானே என்று கேட்டார்கள்.

நான் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். சரவணன் மல்லாந்து கிடந்தான். அவன் பிடரிக்கும் முறிந்த பலகைக்கும் நடுவில் ஒரு கை இருந்தது. ஏழுமலையின் வலது கை. சற்று முன் முறிய இருந்த அதே கை. விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்து ரத்தம்.

"ண்ணா, உங்க கைய வெச்சிட்டீங்களே" என்றான் சரவணன்.

"இல்லாங்காட்டி உன் மண்ட ஒடைஞ்சிடும்ல பா" என்றான் ஏழுமலை, பட்டன் தைக்கிறவன் ஊசியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அவர்களை வெளியே இழுத்துப் போட்டபோது கன்னியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். பின்னாலேயே செல்வி. ஏழுமலை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். நான் அகலமான ஆள், ஒளிய வசதி. ஆனாலும் அவர் விடவில்லை.

"மாப்ள, இப்டி முன்னால வாங்க."

வந்தான். மேடையில் வராத கண்ணீர் அப்போது வந்துவிட்டது. "அத்தே, என்னால அந்தத் தம்பிய தூக்க முடியல. இந்த அண்ணனயும் நான் தூக்கனதே இல்ல. இவரு எகிறுவாரு. நான் உங்கள ஏமாத்திட்டேன் அத்தே."

கன்னியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "இத்தினி வருசமா நெல்லு கட்டு சொமக்கறேன். ஒரு நாளாச்சும் தானா என் தலைமேல ஏத்திக்கினு கீறனா? பக்கத்துல ஒருத்தி கை குடுத்தாத்தான் கட்டே ஏறும். இம்மாம் பெரிய ஆளு, அவரா எகிறாம எப்டி உங்க தலைக்கு மேல போவாரு? அன்னிக்கி மாகறல்ல பாத்தப்பவே தெரியும்."

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பறம் எதுக்கு அத்தே பொண்ணு குடுத்தீங்க?"

"எறக்கறத பாத்து குடுத்தேன்" என்றார். "ஜனம் எல்லாம் தூக்கறத பாத்துச்சி. நான் கீய போடறத பாத்தேன். போடறப்ப நீங்களும் கூடவே குனிஞ்சி, அவரு தலைக்கடியில கைய குடுத்து எறக்குனீங்க. அடிக்கிற மாதிரி ஆடறப்பவே ஒருத்தன் தலைய இப்டி தாங்கறாரே, இந்தக் கையில பொண்ண குடுத்தா பத்திரமா இருக்கும்னு குடுத்தேன்."

செல்வி அவன் விரலில் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அறை வாங்கினதால் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது கன்னியம்மா திரும்பிப் பார்த்தார். "அதுக்கோசரம், ஆட்டம் கீதுன்னு சொல்லி நாலு மாசமா மூட்டைக்கு டிமிக்கி குடுத்தது தெரியாதுன்னு நெனைக்காதீங்க. நாளைக்கி ஆறு மூட்ட ஏத்தணும். ஜெயிச்ச புள்ளயையும் இட்டுக்கினு வாங்க. எகிற வேணாம், கை குடுத்தா போதும்."

பிள்ளைகளே, அதற்குப் பிறகு சரவணன் எங்களுக்குத் தட்டச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் மேடையில் யார் தட்டினாலும் அந்த செகண்டே விடுவது அன்றிலிருந்து சட்டம். ஏழுமலை அவனுக்கு ஜனத்தைப் பார்த்து நிற்கக் கற்றுக்கொடுத்தான். சரவணன் நிஜப் போட்டிகளுக்குப் போனபோது நானும் நடுவராகக் கூடவே போனேன். அங்கே பிடித்த ஆளைக் கீழே வைக்கும்போது அவன் கை எதிராளியின் பிடரிக்குப் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோஷ்டியும் ஒரே நேரத்தில் மேட்டுக்கு வாருங்கள். ஒருத்தன் எகிறட்டும், ஒருத்தன் இறக்கட்டும். டூப்பு, தூக்கம் என்ற பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மூட்டை ஏற்ற நானும் போனேன், கேட்காமலே. ஏழுமலை ஒரு முனை, சரவணன் ஒரு முனை, முட்டி போனவன் நான் சாக்கைத் தள்ளிக்கொடுத்தேன். ஆறு மூட்டையும் ஏறியது. ராத்திரியே ஏழுமலையிடம் முழுக் கதையையும் கேட்டிருந்த கன்னியம்மா இலை போட்டு உட்காரவைத்தார். ஏழுமலை இலையில் நாலு முட்டை. சரவணன் இலையில் நாலு முட்டை. என் இலையில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு பச்சை வெங்காயம்.

"எனக்கு முட்டை இல்லையா அம்மா?" என்றேன்.

"பேசியாச்சே" என்றார்.